10 கிலோவோல்ட் குழாய்க்குக் காந்த அடுக்கு: பீரியட் 10 மி.மீ.யா, 15 மி.மீ.யா?

கேள்வி:
துடிப்பு முறையில் (விட்டு விட்டு) இயங்கும் ஹெலிக்ஸ் டிராவலிங் வேவ் டியூப் ஒன்றை ஆய்வுக்காக வடிவமைக்கிறேன். எலக்ட்ரான் கற்றையை ஹெலிக்ஸ் என்ற சுருள் கம்பிக்குள் அனுப்பி மைக்ரோவேவ் சிக்னலைப் பெருக்கும் குழாய் இது. 10 கிலோவோல்ட், 0.5 ஆம்பியர், கற்றையின் ஆரம் 0.5 மி.மீ. கற்றை விரியாமல் பிடிக்க சாலினாய்டு (மின்காந்தச் சுருள்) வைத்தால் குழாயைவிட அதுதான் கனக்கும். அதனால் துருவம் மாற்றி மாற்றி அடுக்கிய நியோடைமியம் காந்த வளையங்கள், நடுவே இரும்புத் துருவத் தகடுகள், துளை ஆரம் 3 மி.மீ. பீரியடை (அதே துருவ அமைப்பு மறுபடி வரும் தூரத்தை) 15 மி.மீ. ஆக்கியதும் அச்சில் புலம் நன்றாக ஏறியது, சிமுலேஷனில் கற்றையும் நேராகப் போகிறது. என் வழிகாட்டியோ 10 மி.மீ.தான் வேண்டும் என்கிறார். ஏன்?

பதில் 1:
தம்பி, உங்கள் சிமுலேஷன் முழு வோல்ட்டேஜில் மட்டும் ஓடியிருக்கும். துடிப்பு ஏறும் நேரத்தையும் பாருங்கள்.

உங்கள் கற்றைக்கு பிரில்லுவான் புலம் (கற்றை தானாக விரியாமல் பிடிக்கத் தேவையான குறைந்தபட்சக் காந்தப்புலம்) சுமார் 0.117 டெஸ்லா. மாறி மாறி வரும் புலத்துக்கு உச்சம் அதைப்போல் 1.41 மடங்கு, அதாவது 0.166. துளையின் விளிம்பிலிருந்து அச்சுக்கு வருவதற்குள் புலம் தேய்ந்துவிடும். 10 மி.மீ. பீரியடில் விளிம்பில் 0.35 டெஸ்லா வேண்டும், 15-இல் 0.24 போதும். நீங்கள் பார்த்த லாபம் இதுதான்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 1954-இல் பெல் ஆய்வகத்தின் மெண்டல், குவேட், யோகம் மூவரும் காட்டியபடி, ஆல்ஃபா என்ற எண் (ஒரு பீரியடுக்குள் புலம் கற்றையை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதன் அளவு) 0.66-ஐத் தொட்டால் கற்றை நிலைகுலைந்து விரியும். புலத்தின் வர்க்கம், பீரியடின் வர்க்கம் இரண்டையும் பெருக்கி வோல்ட்டேஜால் வகுத்தது போலத்தான் ஆல்ஃபா ஏறி இறங்கும். 10 கிலோவோல்ட்டில் 10 மி.மீ.க்கு 0.08, 15 மி.மீ.க்கு 0.18. இரண்டும் சரிதான். ஆனால் வோல்ட்டேஜ் பூஜ்யத்திலிருந்துதானே ஏறுகிறது? 10 மி.மீ. அடுக்கு 1.2 கிலோவோல்ட்டிலேயே ஆபத்தைத் தாண்டிவிடும். 15 மி.மீ. அடுக்கு 2.7 வரை தாண்டாது, அதுவரை கற்றை விரிந்து ஹெலிக்ஸில் மோதும். 2.7 கிலோவோல்ட்டில் 0.07 ஆம்பியர் ஓடும், அந்த நொடிக்கூறில் கிட்டத்தட்ட 190 வாட். அது மெல்லிய ஹெலிக்ஸ் கம்பியில் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறது. இப்படிப் பொசுங்கிய ஹெலிக்ஸை வெட்டிப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரான் துப்பாக்கிப் (கற்றை கிளம்பும் முனை) பக்கத்துச் சுற்றுகள்தான் முதலில் கறுத்திருந்தன. பல மாத உழைப்பு அது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. உங்கள் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

பதில் 2:
காந்தத்தையும் மாற்றுங்கள். நியோடைமியம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.12 சதவீதம் இழக்கும், 100 டிகிரி ஏறினால் 12 சதவீதம் போச்சு. சமாரியம் கோபால்ட் (2:17 வகை) அதே சூட்டில் 3 அல்லது 3.5 சதவீதம்தான் இழக்கும். விலை அதிகம், எளிதில் நொறுங்கும். ஆனாலும் இந்த வேலைக்கு அதுதான் சரி.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். 10 மி.மீ.க்கே மாற்றுகிறேன். கிரிட் (துப்பாக்கியில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) வைத்துத் துடிப்பை உண்டாக்கினால் இந்தச் சிக்கல் வராதா?

பதில் 1:
வராது. கற்றை வோல்ட்டேஜ் எப்போதும் 10 கிலோவோல்ட்டில் நிற்கும், கிரிட் மின்னோட்டத்தை மட்டும் திறந்து மூடும். ஆனால் கிரிட்டே கற்றையைக் கொஞ்சம் கலைக்கும். அப்புறம், எந்த அடுக்கானாலும் கடைசியில் ஹெலிக்ஸ் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சின்ன இரும்புத் துண்டுகளை வளையங்களின் மேல் ஒட்டி, புலத்தைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். அதற்கு வெளியே இடம் விட்டு வரையுங்கள்.