தொற்றுநோய் வந்தால் ஹோட்டல் இலாபம் ஏன் இவ்வளவு விழுகிறது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய ஹோட்டல் ஒன்றின் கணக்குப் பார்க்கிறேன். தொற்றுக் காலத்தில் வருமானம் குறைவதைவிட இலாபம் பல மடங்கு சரிகிறதே, ஏன்?

பதில் 1: நிலையான செலவுதான் காரணம், அதாவது வருமானம் குறைந்தாலும் குறையாத செலவு. மாத வருமானம் 20 இலட்சம், மாறும் செலவு (விருந்தினர் குறைந்தால் தானும் குறைவது) 6, நிலையான செலவு 10 என்று வையுங்கள், இலாபம் 4. வருமானம் 30% குறைந்தால் 14. மாறும் செலவும் 4.2 ஆகும். ஆனால் சம்பளமும் கடன் வட்டியும் அப்படியே 10. முடிவில் 20,000 ரூபா நட்டம்!

பதில் 2: அதைவிட ஆபத்து, முன்பதிவுக்கு விருந்தினர் தரும் முற்பணம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அதற்கு முன் வாங்கிய காசு இன்னும் வருமானமல்ல, பொறுப்பு, அதாவது நீங்கள் கொடுக்கவேண்டிய கடன் மாதிரி. 2020 மார்ச்சில் விமான நிலையங்கள் மூடியதுபோல் நடந்தால் எல்லோரும் ஒன்றாகத் திருப்பிக் கேட்பார்கள். தயவுசெய்து தனி வங்கிக் கணக்கில் வையுங்கள்.

பதில் 3: கடன் தவணையைத் தள்ளிவைத்தாலும் வட்டி ஏறுமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதி (EPF) 12%, ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3% முதலாளியான உங்கள் பங்கு. காசுப்பாய்ச்சல் (காசு எப்போது வரும், போகும் என்ற) திட்டத்தில் பலர் விடுவது இதைத்தான்.