Re: பெட்ரோல் கந்தக விதியில் ‘கிரெடிட்’: வரவா, சலுகையா?

> ‘உமிழ்வுச் சலுகை’ என்று வைத்துவிட்டால் யாருக்கும் புரியும்.

பெட்ரோலில் கந்தகத்தை வரம்புக்கும் கீழே குறைக்கும் ஆலைக்குக் கிடைக்கும் ‘கிரெடிட்’டுக்கு நம் சொற்பட்டியலில் அப்படி வைத்தால் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சலுகை என்பது மேலே இருப்பவர் பார்த்துக் கொடுப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2000-இல் கொண்டுவந்த பெட்ரோல் கந்தக விதியில் அப்படியும் ஒன்று இருந்தது: சிறிய சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் சில ஆண்டுகள் தளர்த்தப்பட்ட வரம்பு. சலுகை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மொழிபெயர்ப்பவர் திண்டாடிப்போவார்.

கிரெடிட் சம்பாதிப்பது. ஓர் ஆலையின் ஆண்டுச் சராசரி வரம்பு 30 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 30 பங்கு கந்தகம்) என்று வையுங்கள். அது 22-இல் முடித்து, அந்த ஆண்டு 10 கோடி கேலன் விற்றிருந்தால், 8-ஐ 10 கோடியால் பெருக்க வேண்டும்: 80 கோடி பிபிஎம்-கேலன். அது கணக்கில் ஏறும். பின்னால் வரும் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், வேறோர் ஆலைக்கு விற்கலாம். வரம்பைத் தாண்டிய ஆலைக்குப் பற்றாக்குறை விழும்; அதை அடுத்த ஆண்டில் ஈடுகட்டியாக வேண்டும். வரவும் பற்றும் எழுதும் கணக்குப் புத்தகம்தான் இது. அதனால் என் முன்மொழிவு: குறைப்பு வரவு. பெட்ரோலில் மட்டும் என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘கந்தகக் குறைப்பு வரவு’.

‘உமிழ்வு வரவு’ வேண்டாம் என்பேன். உமிழ்வு வரவாகிறது என்று படிக்க இடம் கொடுக்கிறது. தவிர, இங்கே அளப்பது புகையை அல்ல, எரிபொருளில் உள்ள கந்தகத்தை. கந்தகம் வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கிறது. அதைக் குறைத்தால் புகை தானாகக் குறையும்.

> ‘எலிஜிபிலிட்டி’க்கு வெறும் ‘தகுதி’ போதாதா?

போதும், ‘வரவுத் தகுதி’ என்று சேர்த்து எழுதினால். ஆனால் விதியில் அது இரண்டு கேள்விகளாக வருகிறது. வரவு ஈட்ட யாருக்கு, எப்போது உரிமை என்பது ஒன்று. 2000 முதல் 2003 வரை, வரம்பு நடைமுறைக்கு வருமுன்பே குறைத்தவர்களுக்கும் வரவு கிடைத்தது. ஆனால் அவர்களின் 1997-98 கந்தகச் சராசரியை அடிநிலையாக, அதாவது ஒப்பிடும் தொடக்க அளவாக வைத்து, அதற்குக் குறைந்தது 10 சதவீதம் கீழே வந்திருக்க வேண்டும். பெயருக்குக் கொஞ்சம் குறைத்துவிட்டு வரவு கேட்க முடியாது. எனக்குப் பிடித்த நிபந்தனை இது. அதற்கு ‘ஈட்டுத் தகுதி’. ஈட்டிய வரவை எதுவரை பயன்படுத்தலாம் என்பது இன்னொன்று. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ‘செல்லுபடிக் காலம்’ எல்லோரும் சொல்வதுதானே.

‘பேஸ்லைன்’ என்பதற்கு நான் மேலே ‘அடிநிலை’ என்று எழுதிவிட்டேன். அடிக்கோடு என்றால் எழுத்தின் கீழே போடும் கோடாகிவிடும். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை.