திருத்தம் போட்டும் 40 ஹெர்ட்ஸ் சரிவரவில்லை

ஹட்டன்வாசி:
வணக்கம். பாட்டுக் கேட்கும் அறை 4.3 × 3.4 மீட்டர், சிமெந்துச் சுவர், தகரக் கூரை, பலகை சீலிங். சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) முன்மூலையில், நாற்காலி நீளவாக்கில் நட்டநடுவில். யூமிக்-1 அளவீட்டு மைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளும் வைத்து அளந்தால் 40 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் பள்ளம். அந்த இடத்தை ஈக்வலைசர் ஃபில்டரால் 9 டெசிபல் ஏற்றியதில் வரைபடத்தில் பாதி நிரம்பியது. ஆனால் பின்சுவர் சோபாவில் பேஸ் குமுறுகிறது, சத்தம் கூட்டினால் கரகரக்கிறது. ஹட்டன் மலை உயரத்தில் காற்று மெலிவாக இருப்பதுதான் காரணமா?

ஊவா_ஒலி:
உயரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பநிலை: 20 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 343 மீட்டர், 10 பாகையில் 337. அது இரண்டு வீதம் கூட இல்லை.

343 ÷ (2 × 4.3) = 40. நீளவாக்கில் எழும் முதல் நிலையலை (இரு சுவருக்கும் இடையே எதிரொலித்து ஒரே இடத்தில் நிற்கும் அலை) இதுதான். அதன் அழுத்தம் நடுவில் இல்லாமல் போகும், இரு சுவரோரத்திலும் உச்சமாகும். நீங்கள் ஏற்றிய 9 டெசிபல் சோபாவில்தான் போய் விழுகிறது. அதற்கு ஆம்ப்ளிஃபயர் எட்டு மடங்கு வலு கொடுக்கவேண்டும். ஃபில்டருக்கு முன் உள்ள ஒலி அளவை (ப்ரீஆம்ப்) 9 டெசிபல் குறைக்காவிட்டால் டிஜிட்டலிலேயே அலை வெட்டுப்படும்.

முதலில் அந்த ஏற்றத்தை எடுத்துவிடுங்கள். நாற்காலியை முன்சுவரிலிருந்து 2.65 மீட்டருக்குத் தள்ளி மீண்டும் அளக்கவும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடுகளை மட்டும் வெட்டினால் போதும்.

தேயிலைமலை:
தகரத்தில் மழை விழும்போது அளக்கவே வேண்டாம். தூறல் என்றாலும் சுவீப் (அளக்க ஓட்டும், தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறும் ஒலி) நீளத்தை மென்பொருளில் 1எம் ஆக்கவும். மைக் கூரையைப் பார்த்தால் மைக்குக்கான 90 பாகை அளவுத்திருத்தக் கோப்பு, ஸ்பீக்கரைப் பார்த்தால் 0 பாகைக் கோப்பு. கன்வொலூஷன் ஃபில்டர் (திருத்தத்தை ஒரு ஒலிக்கோப்பாக ஏற்றும் வகை) என்றால் மாதிரி வீதத்தையும் (sample rate) பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸுக்குச் செய்ததை 44.1 பாட்டில் அப்படியே ஓட்டினால் 40க்கான திருத்தம் 36.75இல் விழும். இது பலருக்கும் தெரியாமலே நடக்கிறது.

ஹட்டன்வாசி:
பின்னால் கதவு. 30 சென்டிமீட்டர்தான் தள்ளலாம்.

ஊவா_ஒலி:
அது கொஞ்சம்தான் உதவும். தள்ளிய பிறகு சப்வூஃபரைத் தூக்கி நாற்காலி இருக்கும் இடத்தில் வையுங்கள். அதை வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் மைக்கை வைத்து அளக்கவும். எங்கே 40 நன்றாக வருகிறதோ அங்கேதான் சப்வூஃபர். இடம் மாறினால் சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான தாமதத்தையும் மாற்றவேண்டும்: 34 சென்டிமீட்டருக்கு 1 மில்லிசெக்கன். பிறகு சப்வூஃபரின் போலாரிட்டியை (+/− திசையை) திருப்பிப் பாருங்கள். கிராஸ்ஓவர் (சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் கைமாறும் அதிர்வெண்) அருகே எந்த நிலையில் சத்தம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் அதற்குப் பிறகுதான்.