புதுப்பிப்பு: போல்ட் இறுக்கும்போது மீயொலி அளவீடு திடீரெனத் தாவியதன் காரணம்

போல்ட்டை இறுக்கும்போது மீயொலிக் கருவி (போல்ட்டின் மறுமுனையில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு நீளத்தை அளப்பது) காட்டும் நீட்சி இடையில் சட்டென்று தாவுவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன்; விடையளித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. சுமையேற்றுமுன் பதிந்த அலைவடிவத்தின்மேல் சுமையேற்றிய பின் கிடைத்ததை வைத்து ஒப்பிடுங்கள் என்ற யோசனையே கைகொடுத்தது. போல்ட் சற்று வளைந்ததால் எதிரொலியின் முதல் முகடு தாழ்ந்து, எதிரொலியாக ஏற்கப்படும் வரம்பு மட்டத்துக்குக் கீழே போய்விட, கருவி ஓர் அலைச்சுற்று தாமதமாக வரும் அடுத்த முகட்டைப் பிடித்திருந்தது. 5 மெகாஹெர்ட்ஸ் உணரியில் ஒரு சுற்று 0.2 மைக்ரோவினாடி, எஃகில் அலை போய்த் திரும்புவதால் அது (இழுவிசையால் அலைவேகம் மாறுவதற்கான) திருத்தத்துக்கு முன் சுமார் 0.6 மி.மீ. போலி நீட்சியாகிறது, தாவலும் ஏறக்குறைய அவ்வளவே. கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) கூட்டியதும் அளவு சீரானது. எதிர்பாராத ஒன்று: பக்கச் சுவரில் பட்டு வேறு அலைவகையாக மாறித் தாமதமாக வரும் எதிரொலிகளும் கூடவே உயர்ந்தன, ஆகவே கேட்டை (gate, கருவி எதிரொலியைத் தேடும் நேர இடைவெளியை) முதன்மை எதிரொலியோடு குறுக்கிவிட்டேன்.