டிஸ்லொகேஷனுக்கு 'நிரைப்பிசகு': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பொருட்கள் எப்படி வளைகின்றன, எப்படி முறிகின்றன என்பதை ஆராய்வதிலேயே பெரும்பகுதி வாழ்நாளைச் செலவிட்ட எகோன் ஓரோவானைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். மூன்றாம் பக்கத்திலேயே 'டிஸ்லொகேஷன்' வழிமறித்துவிட்டது. கைவசமிருந்த சொற்பட்டியலில் அதற்கு 'இடப்பெயர்ச்சி' என்று இருந்தது. பள்ளி இயற்பியலில் 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்பதற்கும் அதே சொல்தான். டிஸ்லொகேஷன் படிகத்துக்குள் நகர்வதைச் சொல்ல வேண்டிய வரியில் 'இடப்பெயர்ச்சியின் இடப்பெயர்ச்சி' என்று எழுத நேர்ந்தபோது, இது ஆகாது என்று பேனாவை வைத்துவிட்டேன்.

சொல்லைத் தேடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உலோகப் படிகத்தில் அணுக்கள் நிரை நிரையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு மொத்தமாக நழுவ எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் யாக்கோவ் ஃபிரெங்கெல் கணக்கிட்டார்; மென்மையான உலோகப் படிகங்களோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விசைக்கே வளைந்துகொடுத்தன. இந்த முரணுக்கு 1934இல் ஓரோவான், மைக்கேல் பொலானி, ஜி. ஐ. டெய்லர் ஆகிய மூவரும் ஒரே விடையை வெளியிட்டார்கள். அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் நழுவுவதில்லை. நிரை பொருந்தாத ஒரு கோடு படிகத்தின் குறுக்கே ஊர்ந்து செல்கிறது, அது கடந்த இடமெல்லாம் ஓர் அணு இடைவெளி அளவுக்கு நழுவிவிடுகிறது. பெரிய ஜமக்காளத்தை முனையைப் பிடித்து இழுத்தால் எளிதில் அசையாது. ஓரத்தில் ஒரு சுருக்கத்தை எழுப்பி, அதைக் கையால் தள்ளிக்கொண்டே மறுமுனைவரை போனால், ஜமக்காளம் முழுவதும் நாலு விரற்கடை நகர்ந்திருக்கும். அந்தச் சுருக்கத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

ஓரோவான் இந்த முடிவுக்கு வந்த விதமும் சொல்லைத் தேட உதவுகிறது. 1902இல் புடாபெஸ்டில் பிறந்து பெர்லினில் பயின்ற அவர், கீழே விழுந்து வளைந்துபோன துத்தநாகப் படிகம் ஒன்றை நிமிர்த்தி மீண்டும் இழுத்துப் பார்த்தபோது, அது சீராக நீளாமல் விட்டுவிட்டு, தாவித் தாவி நீண்டது. உள்ளே ஏதோ ஒன்று திடீரென்று கிளம்பி ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். பின்னர் புடாபெஸ்டில் விளக்குத் தொழிற்சாலையிலும், 1937 முதல் பர்மிங்காமிலும், 1939 முதல் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றி, 1950இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றார். 1956இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ், மெல்லிய அலுமினியத் தாளில் இந்தக் கோடுகள் நகர்வதை மற்றவர்கள் கண்ணால் கண்டபோது, கோட்பாடு பிறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓரோவான் 1989இல் மறைந்தார்.

ஆங்கிலச் சொல்லும் பெயர்த்து வந்ததுதான். மீள்பொருட்களில் (இழுத்து விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் பொருட்களில்) இத்தகைய பொருந்தாமையை 1907இல் விவரித்த கணிதவியலாளர் வோல்டெரா, இத்தாலிய மொழியில் அதை 'திரிபு' என்னும் பொருள்படக் குறித்தார். ஆங்கிலத்தில் எழுதிய கணிதவியலாளர் லவ் அதை 'டிஸ்லொகேஷன்' என்று மாற்றினார், டெய்லர் எடுத்தாண்டார். ஆகவே ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கும் கடமை நமக்கில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குழுமத்தில் முன்பு 'பிறழ்வு' பரிந்துரைக்கப்பட்டது. அழகான சொல்தான். ஆனால் உயிரியலில் மரபணுப் பிறழ்வு என்றும், நீதிமன்றச் செய்தியில் பிறழ்சாட்சி என்றும் அதற்கு ஏற்கெனவே வேலை நிறைய இருக்கிறது. 'விலகல்' ஒளியியலுக்குப் போய்விட்டது.

நான் முன்வைப்பது 'பிசகு'. கால் பிசகியது, மூட்டு பிசகியது என்கிறோம். முறியாமல், இருக்க வேண்டிய பொருத்தத்திலிருந்து சற்றே நழுவிய நிலை அது, டிஸ்லொகேஷனும் அதுவே. முதலில் 'வரிப்பிசகு' என்று எழுதிப் பார்த்தேன். வருமான வரியில் ஏதோ கணக்குத் தவறிவிட்டதுபோல் ஒலித்ததால் கைவிட்டேன். கணிதத்தில் அணிகளைப் படித்த எந்தப் பள்ளி மாணவருக்கும் 'நிரை' தெரியும். எனவே நிரைப்பிசகு. பாதியிலேயே முடிந்துவிடும் அணு அடுக்கு (அரைத்தளம்) ஒன்று நடுவில் செருகி நிற்பதால் உண்டாவது விளிம்பு நிரைப்பிசகு. கோட்டைச் சுற்றிவந்தால் சுருள் படிக்கட்டுபோல் ஒரு தளம் மேலேற்றிவிடுவது திருகு நிரைப்பிசகு. ஸ்லிப் என்பதற்கு நழுவல், அது நிகழும் தளத்துக்கு நழுவுதளம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பொற்கொல்லர் கம்பியச்சில் தங்கக் கம்பியை இழுக்க இழுக்க அது விறைத்துக்கொண்டே போகும். நடுநடுவே நெருப்பில் காட்டினால்தான் மீண்டும் இளகும். இதை இப்படி எழுதலாம்: 'இழுக்கும்போது நிரைப்பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று பின்னி, ஒன்றின் வழியை ஒன்று அடைக்கின்றன, சூடேற்றும்போது பின்னல் கலைந்து அவற்றின் எண்ணிக்கை குறைகிறது.' ஓரோவான் 1948இல் விளக்கிய நிகழ்வையும் எழுதிப் பார்த்தேன்: 'கடினத் துகள்களுக்கு இடையே நிரைப்பிசகு வில்லாக வளைந்து, ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு வளையத்தை விட்டுவிட்டுக் கடந்து செல்கிறது.' இரண்டு வாக்கியங்களிலும் எனக்கு எங்கும் இடறவில்லை. 'இடப்பெயர்ச்சி' இட்டுப் படித்துப் பாருங்கள். வில்லாக வளைவது எது என்றே தெரியாது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். பிசகு என்றால் தவறு என்ற பொருளும் உண்டு. உலோகத்தை உடையாமல் வளையவைக்கும் ஒன்றை அப்படி அழைக்கலாமா? படிகவியலார் இதைப் படிகக் குறைகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். பிசகு இல்லாத படிகம் மிக வலிமையானதுதான் என்றாலும், அதை அடித்து நீட்டவோ வளைக்கவோ எளிதில் முடியாது. அந்தப் பொருளாழம் சொல்லிலேயே தங்குவது நல்லது என்று கருதுகிறேன்.

முழுமையாக ஓர் அணு இடைவெளி நழுவாமல் இடையில் நிற்கும் வகைக்குப் 'பகுதி நிரைப்பிசகு' என்பதா, 'குறைநிரைப்பிசகு' என்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. ஈழத்து நண்பர்கள் தம் பொறியியல் பாடக்குறிப்புகளில் இதற்கு வேறு சொல் வழங்கக் கண்டிருந்தால் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன். கட்டுரையின் அந்தப் பத்தியை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.