தீராத முதுகுவலி: அரை நாள் வேலை, மீதிக்கு இ.எஸ்.ஐ. பணம் வாங்கலாமா?

கேள்வி:
கப்பலூர் மில்லில் வேலை, சம்பளம் 16,000. எட்டு மணி நேரம் நிற்க முடியல. அரை நாளுக்கு மாறிக்கிட்டா மீதிக் கூலிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) தருமா அண்ணே?

பதில் 1:
தராது தம்பி. நோய்க்கால உதவித்தொகை வேலைக்கே போகாத நாளுக்கு மட்டும்தான். சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. முந்தின நோய் விடுப்பு முடிஞ்சு 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த 2 நாள் பிடித்தம் கிடையாது. வலி விட்டுவிட்டு வர்றவங்களுக்கு இது பெரிய விஷயம்.

பதில் 2:
அவசரப்பட்டு நேரத்தைக் குறைக்காதீங்க. ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால்தான் ஜனவரி–ஜூனில் கேட்கலாம். அந்த ஏப்ரல்–செப்டம்பரில் வாங்கின கூலியை வச்சுத்தான் தொகையும்; அரை நாள் கூலின்னா அதுவும் குறையும். முதலில் டாக்டர் சீட்டோட, உட்கார்ந்து செய்ற வேலையா எழுதிக் கேளுங்க. விடுப்பு எடுத்தா டிஸ்பென்சரி சான்றில் ஒரு தேதிகூட விடுபடக் கூடாது.