தேசியப் போட்டியைத் தீபிகா புறக்கணித்தது சரியா?

நுங்கம்பாக்கம்காரி:
தீபிகா பல்லிகல் 2012 முதல் 2015 வரை தேசிய ஸ்குவாஷ் சாம்பியன்ஷிப் பக்கமே போகவில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பரிசுத்தொகை குறைவு என்பதுதான் காரணம். 2016இல் இரண்டையும் சமமாக்கினார்கள். அந்த வருடமே வந்தார், இறுதியில் ஜோஷ்னா சின்னப்பாவைத் தோற்கடித்துப் பட்டத்தையும் எடுத்தார். ஸ்குவாஷில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்பேன்.

பின்சுவர்:
எனக்கு உடன்பாடில்லை. உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த முதல் இந்தியப் பெண் அவர், அதுவும் 2012 டிசம்பரில். அந்தத் தரத்து ஆட்டக்காரியோடு ஒரே ஒரு மேட்ச் ஆடித் தோற்றால்கூட ஒரு ஜூனியர் பெண்ணுக்கு அது பெரிய பாடம். வெளிநாடு போய் அப்படி ஒருவரோடு மோத எத்தனை வீட்டில் வசதி இருக்கிறது? ஜோஷ்னா அதே குறைந்த பரிசுக்குத்தான் ஆடினார். 2019இல் 17ஆவது தேசியப் பட்டம் வென்று, புவனேஸ்வரி குமாரியின் 16 என்ற சாதனையைத் தாண்டினார்.

நுங்கம்பாக்கம்காரி:
ஜோஷ்னா மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 2016க்குப் பிறகு அவருக்கும் சேர்த்துத்தானே சம பரிசு கிடைத்தது? என் மகள் ஆடிய ஒரு உள்ளூர்ப் போட்டியில் ஜெயித்த பையனுக்கு ராக்கெட், ஜெயித்த இவளுக்கு டீ ஷர்ட். நுழைவுக் கட்டணம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. வீடு வரும்வரை அவள் பேசவே இல்லை.

பின்சுவர்:
அது அநியாயம்தான். நான் சொல்வது வழியைப் பற்றி. ஆடி ஜெயித்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கலாம்.

டிராப்ஷாட்:
ஆடிக்கொண்டே கேட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். நாட்டின் சிறந்த ஆட்டக்காரி வராததால்தான் அது செய்தியானது. அப்புறம், அவர் ஆட்டத்தையே விட்டுவிடவில்லையே. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னாவோடு இரட்டையர் தங்கம் வாங்கியது இந்தப் புறக்கணிப்புக் காலத்தில்தான். 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள். 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவோடு ஒன்று, சௌரவ் கோஷலோடு ஒன்று என இரண்டு பட்டம். 2023இல் ஹாங்சோவில் ஹரிந்தர்பால் சிங் சந்துவோடு ஆசியத் தங்கம்.

பின்சுவர்:
எல்லாம் இரட்டையர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் மட்டும்தான். அதற்கு ஆட்கள் தேசியப் போட்டியில்தான் உருவாக வேண்டும். அங்கே பெரியவர்கள் நின்று ஆட வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன். பரிசு சமமானதில் தீபிகாவுக்குப் பங்கு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். சரி, உங்கள் மகள் அந்தப் போட்டிக்கு மறுபடி போனாளா?

நுங்கம்பாக்கம்காரி:
போனாள். போகும் முன் பரிசு என்ன என்று எழுத்தில் கேட்டேன். இருவருக்கும் ராக்கெட் என்று பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.